குழந்தைகளோடு ஊருக்குக் கிளம்ப எது சரி? வட சென்னைக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

பொங்கலோ மே மாத லீவோ நெருங்கினால் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், வியாசர்பாடி பக்கம் எந்த வீட்டிலும் இந்தப் பேச்சு வந்துவிடும். காரிலேயே போய்விடலாமா, ரயில் டிக்கெட் கிடைக்குமா, பேசாமல் பஸ் ஏறிவிடலாமா? பெரியவர்கள் மட்டும் என்றால் எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடலாம். இரண்டு வயதுக் குழந்தையும் ஏழு வயதுப் பையனும் கூட வரும்போது கணக்கே வேறு.

பெரும்பாலும் இதைப் பணக் கணக்காகத்தான் போடுகிறோம். நாலு டிக்கெட் எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு, டோல் எவ்வளவு என்று கூட்டி, குறைவாக வருவதைப் பிடித்துக்கொள்கிறோம். நான் அதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்பேன். வண்டி ஓட்டப்போகிறவர் முந்தின இரவு ஒழுங்காகத் தூங்கியிருப்பாரா? குழந்தை காரில் எங்கே, எதில் கட்டப்பட்டு உட்காரும்? இரண்டுக்கும் தெளிவான பதில் இருந்தால் காரைப் பற்றி யோசிக்கலாம். ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் ரயில்தான். எத்தனை பேர் என்ன சொன்னாலும் இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஊரைத் தாண்டுவதே தனிப் பயணம்

தாம்பரத்தில் இருப்பவர்கள் வீட்டு வாசலைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. சாலை. நமக்கு அப்படி இல்லை. தண்டையார்பேட்டையிலிருந்து வண்டலூர் போகவே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் ஆகிறது. வேலை நாள் சாயங்காலத்தில் கிளம்பினால் அதற்கே இரண்டு மணி நேரம் போய்விடும். ஓட்டுபவரின் தெம்பில் பாதி அங்கேயே தீர்ந்துவிடுகிறது. குழந்தையும் முதல் அழுகையை அங்கேயே அழுதுவிடும். எந்த வாகனம் என்று முடிவு செய்யும்போது இந்த 40 கிலோமீட்டரைத் தனியாக எண்ண வேண்டும்.

காரில் போவதென்றால் மூன்று வழி இருக்கிறது. ஒன்று, ஊருக்குள்ளேயே போவது: ராஜாஜி சாலை, அண்ணா சாலை, கிண்டி, தாம்பரம். காலை ஐந்து மணிக்கு முன்னால் என்றால் இதுவே போதும். ஏழு மணிக்கு மேல் இதைத் தொடவே வேண்டாம்.

இரண்டாவது, மாதவரம் ரவுண்டானா வழியாகப் புழல் போய்ச் சென்னை பைபாஸைப் பிடிப்பது. அம்பத்தூர், மதுரவாயல், போரூர் வழியே பெருங்களத்தூரில் கொண்டுபோய் விடும். சுமார் 32 கிலோமீட்டர் நீளம், சூரப்பட்டிலும் வானகரத்திலும் டோல். வழியில் பெட்ரோல் பங்க், ஆஸ்பத்திரி, கடை எல்லாம் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு நான் சொல்வது இதுதான்.

மூன்றாவது, மீஞ்சூரிலிருந்து வண்டலூர் வரை போகும் வெளிவட்டச் சாலை, சுமார் 62 கிலோமீட்டர். எண்ணூர், மணலி புதுநகர், மீஞ்சூர்க்காரர்களுக்கு வாசலில் இருக்கிறது. மற்றவர்கள் செங்குன்றம் தாண்டி ஏறலாம். தூரம் கூடுதல், ஆனால் நிற்காமல் போகலாம். சாலை அகலமாக, காலியாக இருப்பதுதான் இதன் நல்லதும் கெட்டதும். காலி ரோட்டைப் பார்த்ததும் கால் தானாக ஆக்சிலரேட்டரை அழுத்தும். எதிர்த்திசையில் வரும் பைக், ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரி, குறுக்கே வரும் மாடு எல்லாம் கடைசி நொடியில்தான் கண்ணில் படும். பகலில் தாராளமாகப் போங்கள். இரவில், பின்சீட்டில் குழந்தை இருக்கும்போது, நான் பைபாஸைத்தான் எடுப்பேன். குழந்தைக்கு அவசரமாகப் பாத்ரூம் வந்தால் நிறுத்துவதற்கும் வெளிவட்டச் சாலையில் சரியான இடம் குறைவு.

நம் பகுதியில் கார் ஓட்டுகிறவர்கள் கண்டெய்னர் ட்ரெய்லர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. துறைமுகம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று மூன்று பக்கமும் லாரி வரும் ஊர் இது. எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி பக்கமும் பக்கத்துக்குப் பக்கம் ட்ரெய்லர் நிற்கும். அந்த லாரி டிரைவரின் சைட் மிரரில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், உங்கள் கார் அவருக்குத் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கக் கேபினை ஒட்டிய இடம்தான் மிக மோசம். ட்ரெய்லர் இடது பக்கம் திரும்பும்போது முன்பக்கம் அகலமாக வலதுபுறம் ஒதுங்கிப் போகும். கிடைத்த இடைவெளியில் நுழைந்துவிடலாம் என்று தோன்றும். நுழையக் கூடாது. பின்சக்கரங்கள் அந்த மூலையை ஒட்டி உள்ளே வெட்டித்தான் வரும். சிக்னலில் அதற்குப் பின்னால் நின்றாலும் ஒரு கார் அளவு இடம் விட்டு நில்லுங்கள்.

போகியன்று விடியற்காலையில் கிளம்பும் யோசனை இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். பனியும் போகிப் புகையும் சேர்ந்து பத்தடி தள்ளிப் போகும் பைக் தெரியாத காலைகளைச் சென்னை பார்த்திருக்கிறது. எட்டு மணிக்கு மேல், வெயில் ஏறிய பிறகு போகலாம். வழியில் பனியில் மாட்டிக்கொண்டால் லோ பீமில் ஓட்டுங்கள். ஹை பீம் போட்டால் பனியே வெளிச்சத்தைத் திருப்பி உங்கள் கண்ணில் அடிக்கும். நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓடுவது இங்கே பழக்கமாகிவிட்டது. அப்படிப் போகிற வண்டி நிற்கிறதா ஓடுகிறதா, எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. அது நின்ற வண்டிக்கு மட்டும்தான்.

தீபாவளிக்குப் போகிறவர்களுக்கு வேறு பிரச்சினை. அது மழைக்காலம். கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடங்களில் தண்ணீர் நிற்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். தரை தெரியாத தண்ணீரில் குழந்தையோடு காரை இறக்க வேண்டாம்.

சொந்தக் கார்

காரின் லாபம் வெளிப்படை. குழந்தை அழுதால் நிறுத்தலாம். ஊரில் இறங்கிய பிறகு குலதெய்வம் கோயில், அத்தை வீடு என்று சுற்றுவதற்கு வண்டி கையில் இருக்கும். வீட்டில் ஆயா இருந்தால் அவர் முழங்காலுக்கு ரயில் படியும் பஸ் படியும் பகை. கார் அவருக்குப் பெரிய உதவி.

நஷ்டம் ஓட்டுபவரிடம் இருக்கிறது. நம்மில் பலர் செய்வது இதுதான்: வெள்ளிக்கிழமை முழுக்க வேலை, ஒன்பது மணிக்குச் சாப்பாடு, பத்து மணிக்கு வண்டி. குழந்தைகள் தூங்கிவிடும், ரோடு காலியாக இருக்கும் என்று காரணம் சொல்வோம். ரோடு காலியாக இருப்பது உண்மை. ஆனால் நள்ளிரவு இரண்டு மணியிலிருந்து காலை ஆறு வரை மனித உடம்பு தூக்கத்துக்கு ஏங்கும் நேரம். டீயோ ஜன்னல் காற்றோ பாட்டோ அதைத் தள்ளிப்போடாது. 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது. கண் மூன்று நொடி சொக்கினால் 80 மீட்டருக்கு மேல் யாரும் ஓட்டாத கார்.

ஆகவே காரில் போவதாக இருந்தால் இரவு ஒன்பதரைக்குப் படுத்து, காலை நாலரைக்குக் கிளம்புங்கள். குழந்தைகளைத் தூக்கத்திலேயே தூக்கி உட்கார வைத்தால் செங்கல்பட்டு தாண்டும்வரை தூங்கும். விழிக்கும்போது டிஃபன் நேரமும் வந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கால் மணி நேரம் நிறுத்துவது கட்டாயம். பெரியவர்கள் டீ குடிக்க அது போதும். குழந்தைகளை இறக்கி ஓடவிடவும் அதே நேரத்தைப் பயன்படுத்துங்கள். மதியம் சாப்பிட்டதும் இரண்டிலிருந்து நான்கு மணி வரை மறுபடி ஒரு சொக்கல் வரும். அப்போது ஓட்டுபவரை மாற்றலாம், அல்லது நிழலில் நிறுத்தி இருபது நிமிடம் கண்ணயரலாம்.

அடுத்தது குழந்தை உட்காரும் இடம். இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

முன்சீட்டில் அம்மா, மடியில் குழந்தை. நம் ஊரில் அன்றாடம் பார்க்கும் காட்சி. 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் எதிலாவது மோதி நின்றால் 10 கிலோ குழந்தை அந்த நொடியில் 150 கிலோவுக்கு மேல் இழுக்கும். எந்தத் தாயின் கையாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. போதாததற்கு எதிரே ஏர்பேக் வெடித்துத் திறக்கும் இடத்தில் குழந்தையின் தலை இருக்கிறது. 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துப்போனால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அபராதத்துக்காக இல்லை, குழந்தைக்காகச் செய்யுங்கள்.

குழந்தை இருக்கை வாங்கும்போது அதில் ஆரஞ்சு நிற ஸ்டிக்கர் இருக்கிறதா, அதில் ஆர்44 அல்லது ஆர்129 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தது 15 மாதம் வரை, முடிந்தால் அதற்கு மேலும், குழந்தை காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி உட்கார வேண்டும். சின்னக் குழந்தையின் தலை உடம்போடு ஒப்பிட்டால் கனமானது, கழுத்து இளசு. பிரேக் அடிக்கும்போது அந்தக் கனத்தை இருக்கையின் முதுகே தாங்கிக்கொள்ளும். அப்படித் திருப்பிவைக்கும் இருக்கையை ஏர்பேக் உள்ள முன்சீட்டில் ஒருபோதும் வைக்கக் கூடாது.

மாட்டிய பிறகு பெல்ட் போகும் இடத்தில் கைவைத்து இருக்கையை இடவலமாக ஆட்டிப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் சரியாக மாட்டவில்லை. குழந்தையின் தோளில் போகும் பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். துணி மடிப்பாகக் கையில் வந்தால் தளர்வு, இன்னும் இழுக்க வேண்டும்.

இன்னொன்று. உங்கள் காரில் பின்சீட்டு பெல்ட் கொக்கி எங்கே இருக்கிறது என்று இப்போதே போய்ப் பாருங்கள். பல கார்களில் புது சீட் கவர் போட்டபோது கொக்கி அடியில் புதைந்துபோயிருக்கும். அதைத் தோண்டி மேலே எடுப்பது ஐந்து நிமிட வேலை. ஏழு வயதுப் பையனுக்குப் பெரியவர்களின் பெல்ட் அப்படியே பொருந்தாது. கழுத்தை அறுக்கும், வயிற்றில் ஏறும். பூஸ்டர் இருக்கை போட்டு உயர்த்தினால் தோளின் நடுவிலும் இடுப்பெலும்பிலும் பதியும். சுமார் 4 அடி 9 அங்குலம் உயரம் வரும்வரை பூஸ்டர் தேவை. பெல்ட் கையைக் குத்துகிறது என்று பையன் தோளுக்குப் பின்னால் தள்ளிவிடுவான். அதை விடாதீர்கள்.

கிளம்பும் முந்தின நாள் டயர் காற்றைப் பாருங்கள், வண்டி சூடாகாமல் இருக்கும்போது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஆள் நிறைந்த வண்டிக்கு எவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கிறது. 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்தது. ஸ்டெப்னியிலும் காற்று இருக்கட்டும். பின்கதவுகளின் சைல்ட் லாக்கைப் போட்டுவிட்டு, உள்ளேயிருந்து திறக்கிறதா என்று ஒரு தடவை முயன்று பாருங்கள்.

வாந்தி. இதற்குப் பயந்தே காரை விட்டவர்கள் உண்டு. இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வரை இது அதிகம். செல்போனைக் கையில் கொடுத்தால் நிச்சயம் வரும். கண் திரையில் இருக்க, உடம்பு ஆடிக்கொண்டிருக்க, மூளை குழம்பிவிடுகிறது. முன்கண்ணாடி வழியே தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். நெய்ப் பொங்கலும் வடையும் கிளம்பும்முன் வேண்டாம், இரண்டு இட்லி போதும். மாத்திரை தருவதாக இருந்தால் டாக்டரிடம் கேட்டு வயதுக்கேற்ற அளவில் கொடுங்கள். பிளாஸ்டிக் பையும் ஒரு மாற்றுச் சட்டையும் டிக்கியில் அல்ல, கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

குழந்தை தூங்குகிறது, ஐந்து நிமிடத்தில் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று காரைப் பூட்டிப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் கார் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி ஏறும். ஒருவர் கூடவே இருங்கள், அல்லது தூக்கிக்கொண்டு போங்கள்.

செலவு விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்தக் கார்களுக்கு ஃபாஸ்டேக் வருடப் பாஸ் வந்திருக்கிறது. தொடங்கும்போது 3,000 ரூபாய், ஒரு வருடம் அல்லது 200 முறை. பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று வரிசையாக டோல்கேட் உள்ள திருச்சி சாலையில் அடிக்கடி போகிறவர்களுக்கு இது லாபம். வருடத்துக்கு ஒரே தடவை ஊருக்குப் போகிறவர்களுக்குத் தேவையில்லை. வெளிவட்டச் சாலை மாநில அரசுடையது, அங்கே இந்தப் பாஸ் செல்லாது.

ரயில்

திருநெல்வேலிக்கு 620 கிலோமீட்டர், நாகர்கோவிலுக்கு 700. ஒரே ஆள் ஓட்டும் குடும்பத்துக்கு இந்தத் தூரத்தில் ரயிலுக்கு ஈடு எதுவும் இல்லை. சாயங்காலம் ஏறினால் குழந்தைகள் தூங்கும் நேரத்தில் பாதி வழி கழிந்துவிடும். கழிவறை பெட்டியிலேயே இருக்கிறது. டயப்பர் மாற்ற இடம் இருக்கிறது. அப்பா அம்மா இரண்டு பேருமே குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். காரில் ஒருவர் ஸ்டீயரிங்கோடு போய்விடுகிறார், முழுச் சுமையும் மற்றவர் மேல்.

டிக்கெட்டுதான் பிரச்சினை. 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாள் முன்பாகத்தான் திறக்கிறது. முன்பு 120 நாள் இருந்தது. பொங்கலுக்கு வேண்டுமென்றால் நவம்பர் நடுவில் காலை எட்டு மணிக்குத் தயாராக உட்கார வேண்டும். விட்டுவிட்டால் முந்தின நாள் தட்கல்: ஏ.சி.க்குக் காலை 10 மணி, ஏ.சி. இல்லாததற்கு 11. 2025 ஜூலை முதல் ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். அதை அன்று காலையில் செய்துகொண்டிருக்காமல் இப்போதே முடித்துவையுங்கள்.

ஐந்து வயதுக்குக் கீழ் டிக்கெட் வேண்டாம், ஆனால் தனிப் படுக்கையும் இல்லை. ஐந்து முதல் பன்னிரண்டுக்குள் படுக்கை வேண்டாம் என்றால் அரைக் கட்டணம், வேண்டும் என்றால் முழுக் கட்டணம். ஏழு வயதுப் பையனுக்கு முழுக் கட்டணம் கொடுத்துப் படுக்கை எடுத்துவிடுங்கள். அரை டிக்கெட்டில் மிச்சம் பிடித்து, இரவு முழுக்க அவன் கால் உங்கள் முகத்தில் இருந்தால் மறுநாள் யாருக்கும் ஊர் நினைவே இருக்காது. சின்னது அம்மாவோடு கீழ்ப் படுக்கையில், சுவர்ப் பக்கமாகப் படுக்கட்டும். அம்மா வெளிப்பக்கம். மேல் படுக்கைக்குப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள், பகலில் ஏற்றி இறக்கிவிடுங்கள், இரவில் வேண்டாம்.

எழும்பூர் போவது நமக்கு இப்போது எளிது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டது. திருவொற்றியூர், காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டை எங்கு ஏறினாலும் சென்ட்ரலில் இறங்கிப் பச்சை வழித்தடத்தில் மாறினால் அடுத்த நிலையம் எழும்பூர். லிஃப்ட் இருக்கிறது, மழையில் நனைய வேண்டாம், சாலை நெரிசல் தெரியாது. ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் குழந்தை என்று போகாமல் இருந்தால் போதும். பெட்டியைக் குறைத்து முதுகுப் பையாக மாற்றிக்கொண்டால் ஒரு கை எப்போதும் காலியாக இருக்கும். வண்டி எழும்பூரிலிருந்தா தாம்பரத்திலிருந்தா என்று டிக்கெட்டில் இரண்டு தடவை பாருங்கள். தாம்பரம் என்றால் கடற்கரை நிலையத்திலிருந்து மின்சார ரயில், ஒரு மணி நேரத்துக்கு மேல் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கோவை, சேலம், காட்பாடி பக்கம் போகிற வியாசர்பாடி, கொளத்தூர்க்காரர்களுக்கு ஒரு சின்ன யோசனை. சென்ட்ரலிலிருந்து போகும் பல விரைவு ரயில்கள் பெரம்பூரில் நிற்கின்றன. வீட்டுக்குப் பக்கம். ஆனால் நிற்பது ஓரிரு நிமிடம்தான். குழந்தையும் மூட்டையுமாக ஏறுவதற்கு அது போதாது என்று தோன்றினால் சென்ட்ரலே நல்லது.

பஸ்ஸும் வாடகைக் காரும்

பஸ்ஸைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறந்த பிறகு தென் மாவட்டப் பஸ்கள் அங்கே போய்விட்டன. நம் வீட்டிலிருந்து அங்கே போவதற்குள் குழந்தைக்கு ஒரு தூக்கம் முடிந்துவிடும். மாதவரம் பேருந்து நிலையத்திலிருந்து தெற்கே போகும் அரசுப் பஸ்ஸும் சில உண்டு. முதலில் அதை விசாரியுங்கள், பாதி அலைச்சல் மிச்சம். அரசுப் பஸ்ஸில் ஐந்து வயது வரை கட்டணம் இல்லை. விழுப்புரம், திருச்சி வரை பகல் பஸ்ஸில் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு போவது ஒன்றும் சிரமமில்லை. கைக்குழந்தையோடு இரவு ஸ்லீப்பர் பஸ் என்றால் நான் வேண்டாம் என்பேன். கழிவறை இல்லை, மேல் படுக்கையில் தடுப்பு குட்டையானது, நமக்கு வேண்டிய இடத்தில் நிற்கவும் மாட்டார்கள். வேறு வழியில்லாமல் போனால் கீழ்ப் படுக்கை கேட்டு வாங்குங்கள். ஏறியதும் அவசர வழி எது, கண்ணாடி உடைக்கும் சுத்தியல் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகைக் கார், சொந்தக் காருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில். ஓட்டும் களைப்பு நமக்கு இல்லை என்பதால் பலர் இதை நிம்மதி என்று நினைக்கிறார்கள். களைப்பு போய்விடவில்லை, இன்னொருவர் தோளுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அவர் முந்தின இரவு யாரையோ திருச்சியில் விட்டுவிட்டுத் திரும்பியவராக இருக்கலாம். பதிவு செய்யும்போதே டிரைவரிடம் பேசுங்கள். "அண்ணா, நேத்து நைட் டிரிப் எதுவும் போனீங்களா? வீட்ல தூங்கினீங்களா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. நல்ல டிரைவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஓன்வே டாக்ஸியாக இருந்தாலும் பகல் பயணமாக வையுங்கள். பேட்டா, டோல், ஏ.சி. எல்லாம் சேர்த்தா தனியா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

மஞ்சள் போர்டு கார்களில் பலவற்றில் டிக்கியில் சி.என்.ஜி. சிலிண்டர் பாதி இடத்தைப் பிடித்திருக்கும். நாலு பேர் பெட்டி போகாது. மடியிலும் காலடியிலும் பெட்டி அடைத்து, குழந்தையை அதன் மேல் உட்கார வைக்கும் நிலை வரும். கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். குழந்தை இருக்கை அவர்களிடம் இருக்காது, உங்களுடையதை எடுத்துப் போங்கள். பின்சீட்டு பெல்ட் கொக்கி இருக்கிறதா என்று வாசலிலேயே பார்த்து, இல்லையென்றால் வேறு வண்டி கேளுங்கள். வழியில் வேகம் கூடினால் "கொஞ்சம் மெதுவா போலாம்ண்ணா, பின்னாடி பாப்பா இருக்கு" என்ற ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்லக் கூச்சப்படவே கூடாது.

எந்த ஊருக்கு எது

திருப்பதி, வட சென்னைக்கு வாய்த்த நல்ல வழி. ஊரைத் தாண்டும் தொல்லையே இல்லை. செங்குன்றம், ஜனப்பன்சத்திரம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், புத்தூர் என்று சுமார் 130 கிலோமீட்டர். கைக்குழந்தை இருந்தாலும் கார்தான். மலை ஏறும்போது வளைவுகளில் வாந்தி வரும், ஆகவே அடிவாரத்தில் சாப்பிட வேண்டாம். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் இரண்டாவது கியரில் விடுங்கள், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

புதுச்சேரி, விழுப்புரம், வேலூர் என்றால் சுமார் 150 கிலோமீட்டர். காலை ஐந்து மணிக்குக் கிளம்ப முடிந்தால் கார். சாயங்காலம்தான் முடியும் என்றால் மறுநாள் காலைக்குத் தள்ளிவையுங்கள்.

திருச்சி 330 கிலோமீட்டர். இங்கேதான் குழப்பம். ஓட்டத் தெரிந்தவர் இரண்டு பேர் இருந்தால், குழந்தை இருக்கை இருந்தால், கார். ஒருவர்தான் ஓட்டுவார், குழந்தைக்கு இரண்டு வயதுக்குள் என்றால் பகல் ரயில். அதற்கு மேல் மதுரையோ நெல்லையோ தூத்துக்குடியோ, இரவு ரயில். ஊரில் கார் வேண்டும் என்பதற்காக 600 கிலோமீட்டர் ஓட்டுவதைவிட, அங்கே இறங்கி இரண்டு நாளுக்கு வாடகை வண்டி எடுப்பது உடம்புக்கும் நல்லது, பல சமயம் பர்ஸுக்கும் நல்லது. ஆயா கூட வருகிறார், ரயிலும் கிடைக்கவில்லை, காரில்தான் போயாக வேண்டும் என்றால் திருச்சியில் ஒரு இரவு தங்கிப் போங்கள்.

திரும்பி வருவதையும் கிளம்பும்போதே முடிவு செய்யுங்கள். லீவு முடியும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தென் மாவட்டக் கார்கள் எல்லாம் ஒன்றாகத் திண்டிவனம் முதல் பெருங்களத்தூர் வரை நிற்கும். பரனூர் டோல்கேட்டிலேயே குழந்தை அழ ஆரம்பிக்கும். சனிக்கிழமை மதியம் வந்துவிடுங்கள், இல்லையென்றால் திங்கட்கிழமை ஒரு நாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுக் காலையில் கிளம்புங்கள். வழியில் கார் மக்கர் செய்தால் ஓரமாக நிறுத்தி, குழந்தைகளை ரோட்டோரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இறக்கி நிற்க வைத்துவிட்டு 1033க்கு அடியுங்கள், தேசிய நெடுஞ்சாலை உதவி எண் அது. அடிபட்டால் 108. இரண்டு எண்ணையும் ஓட்டுபவர் போனில் மட்டும் வைக்காமல், பக்கத்தில் உட்காருபவர் போனிலும் போட்டு வையுங்கள்.